கையெழுத்துக்கு முந்திய வாஃபிள்

கிரோக்வோக் மீன் ஆலையின் மாடி அறையில் சம்பளப் பேச்சுவார்த்தை மூன்றாவது நாளாக நடந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவி ஆஸ்லாவ் நாற்காலியை விட்டு அசையவில்லை. அவள் உட்கார்ந்தால் நாற்காலிக்குத்தான் முதலில் இடுப்பு வலிக்கும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால், இரண்டு குடுவைக் காப்பியைத் தனியாளாகக் குடித்துத் தீர்த்துவிட்டு, மதியம் ஒரு மணிவரை கழிப்பறை இருக்கும் திசையைக்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் பத்தரை மணிக்கே காலை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்துவிடுவார். பதினொன்றுக்கு நெற்றியில் வியர்வை. பதினொன்றேகாலுக்குக் கையெழுத்து. இந்த வழியில் இதுவரை மூன்று மேலாளர்களை அவள் மடக்கியிருக்கிறாள். அவர்களில் ஒருவர் அதற்கப்புறம் மீன் வியாபாரத்தையே விட்டுவிட்டு, தெற்கே ஏதோ ஊரில் குளியலறை கட்டிக்கொடுக்கும் தொழிலில் இறங்கிவிட்டதாகக் கேள்வி.

அவளுக்கு வேறு ஆயுதமும் கிடையாது. நாடு முழுவதற்குமான ஒப்பந்தத்தை ஒஸ்லோவில் பேசும்போது வேலைநிறுத்தம் செய்யலாம். அது முடிந்தபிறகு அந்தந்த ஆலையில் தனியாகப் பேசும் பேச்சில் ஒரு நிமிஷம் கத்தியைக் கீழே வைத்தாலும் சட்டப்படி குற்றம். எனவே காப்பியையும் பொறுமையையும் கடவுள் கொடுத்த மூத்திரப்பையையும் வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

ஆனால் இந்த முறை எதிரில் இருந்த எஸ்கில் வேறு ரகம். வயது முப்பத்திநாலு. பெர்கனில் படித்துவிட்டு வந்து ஏழே மாதம் ஆகியிருந்தது. எப்போது பார்த்தாலும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன்போல் ஒரு பளபளப்பு. காப்பி குடிக்காதவன் வேறு. வெந்நீரில் ஏதோ இலையைப் போட்டு, அதையும் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் குடித்தான். அப்படிப்பட்டவனை எந்த ஆயுதத்தால் அடிப்பது?

அதைவிட மோசம், முதல் நாள் பத்தே நிமிஷத்தில் அவன் ஒத்துக்கொண்டதுதான். மணிக்கு ஒன்பது குரோனர் உயர்வு என்று ஆஸ்லாவ் கேட்டாள். "சரி, ஒன்பது" என்றான். பதினாறு வருஷத் தலைமையில் கேட்டதைக் கேட்டபடி யாரும் கொடுத்ததில்லை. நாலு கிடைத்தால் கொண்டாட்டம், ஐந்து கிடைத்தால் கொடியேற்றம் என்றுதான் இருந்தது. ஆஸ்லாவுக்கு மூக்கில் வேர்த்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மறுபடி படித்தாள். கடைசி வரியில், எறும்பு படிப்பதற்கென்றே அச்சடித்ததுபோல் பொடி எழுத்தில், "நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்" என்று இருந்தது.

நிரந்தரப் பணியாளர்கள் எழுபத்திரண்டு பேர். அது போக, ஜனவரியில் காட் மீன் கரைக்கு வரும்போது கூடவே லித்துவேனியாவிலிருந்து பன்னிரண்டு பேர் வருவார்கள். ஏப்ரல்வரை வேலை செய்துவிட்டுத் திரும்புவார்கள். அவர்களுக்குச் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி பிரூதே. வெட்டும் மேசையில் ஆஸ்லாவுக்கு வலப்பக்கம் நிற்பவள். ஆஸ்லாவ் ஒரு மீனிலிருந்து முள்ளை எடுத்து நிமிர்வதற்குள் பிரூதே மூன்று மீனை உரித்து, முள்ளெடுத்து, நறுக்கி, அடுக்கி, மூக்கையும் துடைத்துக்கொண்டிருப்பாள். அவள் கத்தி போகிற வேகத்துக்கு மீனுக்கே தான் செத்த விஷயம் தெரிந்திருக்காது. ஒரே கத்தி, ஒரே குளிர், ஒரே மீன். மாதக் கடைசியில் மட்டும் இருவருக்கும் வெவ்வேறு சம்பளம். பேச்சுவார்த்தைக்கு முந்தின வாரம் ஆஸ்லாவ் எல்லோருக்கும் கேட்கும்படி, "உங்க பன்னெண்டு பேருக்கும் சேத்துத்தான் பேசப்போறேன்" என்று சொல்லிவிட்டாள். பிரூதே அன்று முழுக்க ஆஸ்லாவின் பங்கு மீனையும் சேர்த்து வெட்டிப் போட்டாள்.

இப்போது வாக்குக் கொடுத்தவளுக்குத்தான் சிக்கல். ஏனென்றால் ஒன்பது குரோனர் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. உடை மாற்றும் அறையில் காலையில் நிரந்தர ஆளான டோர்கெய்ர் பூட்ஸை மாட்டிக்கொண்டே, வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னான்: "கொடுக்கிறேங்கிறான், வாங்கிட்டு வராம அங்க உக்காந்து என்னத்த அடைகாக்கிறா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் மறுத்துப் பேசவில்லை. எஸ்கிலை அவள் சமாளித்துவிடுவாள். தன் ஆட்களே "போதும், போட்டுடு கையெழுத்து" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"இன்னொரு தடவ சொல்றேன் ஆஸ்லாவ்," என்றான் எஸ்கில், மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி. "பருவத் தொழிலாளர் விஷயத்த இலையுதிர் காலத்துல தனியா பேசலாம். நான் மாட்டேன்னு சொல்லலையே."

"இலையுதிர் காலத்துல அவங்க எங்க இருப்பாங்க?"

"ஊர்ல."

"அப்ப யாரு கூடப் பேசுவே? கடற்காக்கா கூடவா?"

எஸ்கில் வெந்நீரை ஒரு சொட்டு உறிஞ்சினான். ஆஸ்லாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது பிரதிநிதியாக உட்கார்ந்திருந்த ஹாக்பார்ட் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினான். ஹாக்பார்ட் பளுதூக்கி வண்டி ஓட்டுபவன். ஆள் ஒரு படகுத்துறை அகலம் இருப்பான். வருஷத்துக்கு ஒருமுறைதான் பேசுவான். அந்த வருஷத்துக்கு இன்னும் பேசவில்லை. பேச்சுவார்த்தைக்கு அவனைக் கூட்டிப்போவது எதிராளியின் பக்கம் வெளிச்சம் படாமல் மறைப்பதற்காக என்று ஆஸ்லாவ் சொல்வாள். சாப்பாட்டில் அவன் செய்த சாகசங்கள் தனிப் புராணம். போன ஒப்பந்தம் முடிந்த அன்று இருபத்தெட்டு வாஃபிள் சாப்பிட்டான் என்பது பதிவான கணக்கு. பதிவாகாதது எத்தனை என்று தெரியாது.

வாஃபிள் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒஸ்லோவில் அரசாங்கத்தின் சமரச அதிகாரிமுன் சங்கமும் முதலாளிகளும் மல்லுக்கு நிற்கும்போது, சமையலறையிலிருந்து வாஃபிள் வாசனை வந்தால் சமரசம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வாசலில் காத்திருக்கும் பத்திரிகைக்காரர்கள்கூட மூக்கை வைத்துத்தான் செய்தி எழுதுவார்கள். கிரோக்வோக்கில் அந்த வழக்கம் இன்னும் கறார். கேண்டீனை ஆளும் குன்வோர், பேச்சுவார்த்தை தொடங்கும் அன்று வாஃபிள் சுடும் இரும்பு அச்சின் மின்கம்பியைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவாள். இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட தாளைக் கண்ணால் பார்த்தால்தான் அது வெளியே வரும். ஒருமுறை மேயர் வந்து கேட்டும் கொடுக்கவில்லை. ராஜாவே வந்தாலும் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் கேட்பாள்.

பதினொன்று இருபதுக்கு அந்த வாசனை வந்தது.

முதலில் ஹாக்பார்டின் மூக்குதான் பிடித்தது. வேட்டைநாய்போல் தலை நிமிர்ந்தது. அடுத்து ஆஸ்லாவ். வெண்ணெய். அதற்குப் பின்னால் ஏலக்காய். அதற்கும் பின்னால், இரும்பில் மாவு பட்டு விளிம்பு முறுகும் அந்தப் பொன்னிற வாசனை. காற்றுக்குழாய் வழியாக ஊர்வலம்போல் மாடி அறைக்குள் வந்து இறங்கியது.

ஆஸ்லாவ் நினைத்தாள்: பையன் பணிஞ்சுட்டான்! வாயால் சொல்ல வெட்கம். முன்கூட்டியே குன்வோரின் காலைப் பிடித்து இரும்பைச் சூடாக்கச் சொல்லியிருக்கிறான். அட, நல்ல பிள்ளைதான்.

எதிரில் எஸ்கில் நினைத்தது அவன் முகத்திலேயே எழுதியிருந்தது: கிழவி பணிஞ்சுட்டா! அப்பாடா. விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்காமல் வாஃபிளை அனுப்பியிருக்கிறாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். மூன்று நாளில் முதல் புன்னகை. தோற்றவரை மேலும் புண்படுத்தக் கூடாது என்ற பெருந்தன்மை இருவர் முகத்திலும் வழிந்தது.

"நீ நல்ல மனுஷன், எஸ்கில். நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டு உன்னத் தப்பா நெனச்சிட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. உங்க அனுபவம் என்ன, பெருந்தன்மை என்ன! உங்ககிட்ட நான் கத்துக்கிட்டது நிறைய."

"அப்ப நீயே சொல்லிடு."

"இல்ல இல்ல, நீங்கதான் சொல்லணும். அதான் மரியாதை."

"அட, வெட்கப்படாதே. சொல்லு."

"நீங்க பெரியவங்க. நீங்க முதல்ல."

இப்படியே ஆறு நிமிஷம் ஓடியது. ஆளுக்கு மூன்று முறை "நீங்க", "நீயே" ஆனது. ஹாக்பார்டின் வயிறு குறுக்கே கர்ஜித்தது. தூரத்தில் படகு இயந்திரம் கிளம்பியதோ என்று எஸ்கில் சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஆஸ்லாவ், கொடி ஏத்துறாங்க."

ஆமாம். ஆலைக் கம்பத்தில் கொடி ஏறிக்கொண்டிருந்தது. துறையில் நின்ற படகு ஒன்று ஊதியது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு துறையில் இருந்த அத்தனை படகும். கீழே யாரோ அக்கார்டியன் வாசித்தார்கள். ஆலைக்கும் ஊருக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர்; வாசனை அதை நாலு நிமிஷத்தில் கடந்து, மளிகைக்கடைக்குள் நுழைந்து, அங்கிருந்து தொலைபேசியில் ஏறி, உள்ளூர் வானொலிக்குப் போய்விட்டிருந்தது. வானொலிக்காரர் பாட்டை நடுவில் நிறுத்தி, "மீன் ஆலையில் ஒப்பந்தம்! எல்லாருக்கும் ஒன்பது குரோனர்!" என்று அறிவித்தே விட்டார்.

"ஊருக்கே சொல்லுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே," என்றான் எஸ்கில்.

"நானா? வாஃபிள் சுடச் சொன்னது நீயில்லையா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நீங்கதானே!"

புன்னகை இரண்டு முகத்திலிருந்தும் ஒரே சமயத்தில் இறங்கியது. ஆஸ்லாவ் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மூன்று நாளில் முதன்முறை.

கேண்டீனில் எழுபத்திரண்டு பேரும் அடைந்திருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளை மணி பதினொன்றரைக்கு அடித்திருந்தது, ஆக சட்டப்படி குற்றமில்லை. மேசைமேல் இதயவடிவ வாஃபிள்கள் மலைபோல் குவிந்திருந்தன. அந்த மலையில் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் உச்சியில் பனி பிடித்திருக்கும். ஜாம், புளிப்புப் பாலேடு, பழுப்புப் பாலாடைக்கட்டி எல்லாம் வரிசை கட்டி நின்றன. ஆட்கள் லித்துவேனியாக்காரர்களைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். "உங்களுக்கும் சேத்துத்தான்! ஒன்பது! எல்லாருக்கும்!" டோர்கெய்ர்கூட வல்தாஸ் என்ற நெட்டையனோடு ஒரு சுற்று ஆடிவிட்டான். மாவு படிந்த ஏப்ரனோடு இரும்புக்கு முன்னால் நின்று, கடைசி வாஃபிளைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள் பிரூதே.

அவளுக்குப் பக்கத்தில், அப்போதுதான் பல் வைத்தியரிடமிருந்து திரும்பி, பாதி வாய் மரத்துப்போன நிலையில் நின்றாள் குன்வோர்.

"யாரக் கேட்டு இத எடுத்தே? யாரக் கேட்டு?" மரத்த வாயில் வார்த்தை வழுக்கியது, கோபம் வழுக்கவில்லை.

"நீங்கதான் காலைல சொன்னீங்க, சமையலறைய எடுத்துக்கோ, மீன் சூப்பு அண்டாவை மட்டும் தொடாதேன்னு," என்றாள் பிரூதே பயந்து. "இன்னைக்கு எனக்கு நாற்பது வயசு. லீவு போட்டிருக்கேன். இந்த ஊர்ல பொறந்தநாள்காரங்கதான் மத்தவங்களுக்குப் பலகாரம் குடுக்கணும்னு சொன்னாங்க. நான் சுட்டேன். அலமாரியில இரும்பு இருந்துச்சு. எல்லாரும் ஓடி வந்து என்னக் கட்டிப்பிடிச்சாங்க. பொறந்தநாளுக்கு இவ்வளவு சந்தோஷப்படுவீங்கன்னு எனக்குத் தெரியாது."

ஊரின் ஒரு வழக்கத்தைக் கஷ்டப்பட்டுக் கற்று, இன்னொரு வழக்கத்தில் தடுக்கி விழுந்திருந்தாள். ஆஸ்லாவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க நேரமில்லை. எஸ்கில் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றுவிட்டான். ஏழு மாதத்தில் அவன் அவ்வளவு உயரத்தில் நின்று யாரும் பார்த்ததில்லை.

"நண்பர்களே! ஒன்பது குரோனர் தயார்! நான் இப்பவே கையெழுத்துப் போடுறேன்!"

கூரை அதிர்ந்தது. எஸ்கில் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து, ஆஸ்லாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்: "பருவத் தொழிலாளர் கதைய அப்புறம் பேசிக்கலாம். இவ்வளவு பேரு வாயில இருக்கிற வாஃபிளப் பிடுங்கப் போறீங்களா?"

புத்திசாலிதான். இலையைக் காய்ச்சிக் குடித்தாலும் மூளை வேலை செய்கிறது. ஆஸ்லாவ் சுற்றிப் பார்த்தாள். எத்தனை சந்தோஷமான முகங்கள். இவர்களில் பாதிப் பேரின் வீட்டுக் கடன் அவளுக்குத் தெரியும், மீதிப் பேரின் முழங்கால் வலி தெரியும். "இல்லை" என்று கட்டளை போடலாம். ஆனால் கட்டளை போட்டு வருகிற ஒற்றுமை வாசல்வரைகூட வராது. அவள் பெஞ்சில் ஏறவில்லை. நின்ற இடத்திலேயே பேசினாள். அவள் குரலுக்குப் பெஞ்சு தேவையில்லை. மூடுபனி நாளில் படகுகள் அதைக் கேட்டுத்தான் கரை சேரும் என்பார்கள்.

"எஸ்கில் சொல்றதுல பொய் இல்ல. ஒன்பது தயார். நம்ம எழுபத்திரண்டு பேருக்கு. இந்தப் பன்னெண்டு பேருக்கு ஒண்ணுமில்ல. இப்ப நீங்க தின்னுக்கிட்டிருக்கிறது ஒப்பந்தத்து வாஃபிள் இல்ல, பிரூதேயோட பொறந்தநாள் வாஃபிள். அவங்கள விட்டுட்டுக் கையெழுத்துப் போடுன்னா இப்பவே போடுறேன். எனக்கும் வாயில எச்சில் ஊறுது. சொல்லுங்க, என்ன செய்யணும்?"

அக்கார்டியன் ஒரு முனகலோடு நின்றது. பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

டோர்கெய்ர்தான் வாயைத் திறந்தான். "ஆஸ்லாவ், தப்பா நெனைக்காதே. அவங்க ஏப்ரல்ல போயிடுவாங்க. நாமதான் இங்க கிடக்கணும். கைக்கு வந்தத..."

முடிக்கவில்லை. ஹாக்பார்ட் தொண்டையைச் செருமியிருந்தான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பேசப்போகிறானா?

"அவங்க கை மலிவா இருந்தா," என்றான் ஹாக்பார்ட், "அடுத்த வருஷம் இந்த ஆலைக்கு நம்ம கை எதுக்கு?"

அந்த வருஷத்துப் பேச்சு முடிந்தது. பிறகு அவன் செய்த காரியத்தை இன்றும் கிரோக்வோக்கில் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அவன் கையில் வாஃபிள் இருந்தது. ஜாமும் பாலேடும் வழிய, மூன்று கடி கடித்திருந்த வாஃபிள். அதை அவன் தட்டில் வைத்தான். தட்டை மேசையில் வைத்தான். கையை எடுத்துவிட்டான்.

அடுத்து யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எழுபது தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் இறங்கின. பாதி தின்றது, கால்வாசி தின்றது, இன்னும் கடிக்கவே கடிக்காதது. டோர்கெய்ர்தான் கடைசி. தன் வாஃபிளை ஒருமுறை பார்த்தான், வல்தாஸை ஒருமுறை பார்த்தான். "அடக் கடல்நாயே" என்று யாரையோ திட்டிக்கொண்டு வைத்தான். விரலில் ஒட்டிய ஜாமை மட்டும் நக்கிக்கொண்டான். அது எந்த ஒப்பந்தத்திலும் சேராது.

சரியாகப் பன்னிரண்டுக்கு மணி அடித்தது. "வேலைக்குப் போங்க," என்றாள் ஆஸ்லாவ். "ஒரு நிமிஷம் தாமதமானாலும் சட்டமீறல்." எழுபத்திரண்டு பேரும் பன்னிரண்டு பேரும் வரிசையாக வெளியேறினார்கள். பிரூதேகூட, லீவு நாளென்றும் பாராமல், ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கத்தியை எடுக்கப் போனாள். ஆஸ்லாவும் மாடிக்குப் போகவில்லை. ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு வெட்டும் மேசைக்கே போய்விட்டாள்.

கேண்டீனில் அதன்பிறகு நடந்ததைச் சொன்னது குன்வோர். அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. எஸ்கில் பெஞ்சிலிருந்து இறங்கி, வாஃபிள் மலைக்கு முன்னால் தனியாக நின்றானாம். ஏலக்காய் வாசனை அவனைச் சுற்றிச் சுற்றி வந்ததாம். கடைசியில் தாங்க முடியாமல் ஒன்றை நோக்கிக் கை நீட்டியிருக்கிறான். குன்வோர் கரண்டியால் அவன் புறங்கையில் ஒன்று போட்டாள்.

"கையெழுத்து எங்க?"

"இது பொறந்தநாள் வாஃபிள்னு சொன்னாங்களே!"

"பொறந்தநாளுக்கு வந்தவங்க தின்னலாம். நீ வாழ்த்துச் சொன்னியா அவளுக்கு?"

சொல்லவில்லை. எஸ்கில் மூலையில் ஒதுங்கி ஓலெசுண்டில் இருக்கும் முதலாளிக்குத் தொலைபேசி போட்டான். முதலாளி அந்த ஆலையிலேயே மீன் தலை வெட்டி மேலே வந்த கிழவர். காது மந்தம் என்பதால் அவர் பேசுவதும் வெளியே கேட்கும்.

"வேலைய நிறுத்திட்டாங்களா?"

"இல்ல. மணி அடிச்சதும் போயிட்டாங்க. ஆனா வாஃபிளச் சாப்பிடாம வச்சிட்டுப் போயிட்டாங்க."

"எத்தன?"

"இருநூறு இருக்கும்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "ஹாக்பார்ட்?"

"மூணு கடி கடிச்சிருந்தான். அப்படியே வச்சிட்டான்."

எதிர்முனையில் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. கிழவருக்கு மயக்கம் வந்துவிட்டதோ என்று எஸ்கில் பயந்துபோனான்.

"ஹாக்பார்ட் வச்சிட்டானா? பாலேடோடவா? டேய், ஓடு. ஓடிப்போய்க் கையெழுத்தப் போடு!"

எஸ்கில் வெட்டும் கூடத்துக்கு வந்தபோது தலையில் வலைத்தொப்பி கோணலாக இருந்தது; பூட்ஸ் இடதும் வலதும் மாறியிருந்தது. ஆஸ்லாவ் நிமிரவில்லை.

"ஆறு," என்றான், பழக்க தோஷம். "பருவத் தொழிலாளருக்கு ஆறு. உங்களுக்கு ஒன்பது."

ஆஸ்லாவ் பிரூதே வெட்டிப்போட்ட துண்டு ஒன்றையும், தான் வெட்டியது ஒன்றையும் எடுத்து அவன் முன்னால் பலகையில் வைத்தாள். "இதுல எது ஆறு, எது ஒன்பது?"

எஸ்கில் குனிந்து பார்த்தான். இரண்டும் வெள்ளையாக, பளபளப்பாக, ஒரு முள் இல்லாமல் கிடந்தன. உண்மையைச் சொன்னால் பிரூதேயுடையது கொஞ்சம் நேர்த்தி. அவன் சரியாக அதைத்தான் தொட்டுக் காட்டி, "இது ஒன்பதா?" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. சிரிப்பு நிற்கக் கால் மணி நேரம் ஆனது என்று சொல்வது மிகை. பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

"எழுதிக்கோ," என்றாள் ஆஸ்லாவ். "இந்தக் கூடத்துல கத்தி பிடிக்கிற, பெட்டி கட்டுற, வண்டி ஓட்டுற எல்லாருக்கும். நிரந்தரம், பருவம்ங்கிற வார்த்தையே வேண்டாம்."

எஸ்கில் மீன்பெட்டி மூடியில் தாளை வைத்து எழுதினான். பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தவனை, "பெருசா எழுது, என் கண்ணாடி மாடியில இருக்கு" என்று ஆஸ்லாவ் அதட்டினாள். கையெழுத்துப் போட்ட பிறகு அவன் பிரூதேயின் பக்கம் திரும்பி, ஈரமான கையை நீட்டி, "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றான். மதியம் மூன்று மணி இடைவேளையில் குன்வோர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆறிப்போன இருநூறையும் மறுபடி சூடாக்கினாள். ஹாக்பார்ட் விட்ட இடத்திலிருந்து, நாலாவது கடியிலிருந்து, தொடர்ந்தான்.

திங்கள்கிழமை காலை உடை மாற்றும் அறையில் ஆஸ்லாவின் அலமாரிக்கு முன்னால் வரிசை நின்றது. சங்கத்தில் சேர விண்ணப்பம் வாங்கப் பதினோரு லித்துவேனியர்கள். பிரூதே முதல் ஆள். அங்கேயே நின்று பூர்த்தி செய்து, கையெழுத்தை இரண்டு தரம் அழுத்திப் போட்டாள். பன்னிரண்டாவது ஆள் வல்தாஸ் மட்டும் கதவில் சாய்ந்து, கைகட்டி நின்றான்.

"நீ வரலையா?" என்றாள் ஆஸ்லாவ்.

"நான் நாலு மாசம்தான் இருப்பேன். வருஷம் பூரா எதுக்குச் சந்தா கட்டணும்?"

"சம்பளம் வர்ற மாசம் மட்டும்தான் பிடிப்பாங்க. நூத்துக்கு இவ்வளவுன்னு."

"பாதியாக் குறைக்க முடியாதா?"

"முடியாது."

"முக்கால்?"

"வல்தாஸ், நீ எங்கிட்டயே பேரம் பேசறியா?"

"வேற யாருகிட்டப் பேசறது? நீங்கதானே தலைவி." அவன் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டான். எழுதவில்லை. "சரி, சேர்ந்தா என் கையுறைய மாத்திக் குடுப்பீங்களா? பழைய ஆளுங்களுக்கு ரெண்டு அடுக்கு உறை. எங்களுக்கு ஒரு அடுக்கு. சாயங்காலம் விரல் எங்க இருக்குன்னு தேட வேண்டியிருக்கு."

ஆஸ்லாவ் அவன் கையிலிருந்த உறையைப் பிடுங்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் அதே மேசையில் நின்றவள். பக்கத்தில் நிற்பவளின் உறை மெல்லிசு என்பது அவள் கண்ணில் படவே இல்லை. முகம் சிவந்துபோனது. பிறகு அவளுக்கே ஒரு குதூகலம் பொங்கியது. இந்த ஆள் இன்னும் விண்ணப்பத்தில் பெயர்கூட எழுதவில்லை. அதற்குள் மூன்று கோரிக்கை!

"பேர எழுது முதல்ல."

வல்தாஸ் எழுதினான். அவள் தன் தடித்த உறையையும் அவனுடைய மெல்லியதையும் அவன் கையில் திணித்து, படிக்கட்டைக் காட்டினாள்.

"வா, மேல போகலாம். ஆனா நான் பேச மாட்டேன், நீதான் பேசணும்."

"எப்படிப் பேசணும்?"

"எங்கிட்டப் பேசின மாதிரியே."

மாடியில் எஸ்கில் அப்போதுதான் வெந்நீரில் இலையைப் போட்டுக்கொண்டிருந்தான். வல்தாஸ் கதவைத் தட்டக்கூட இல்லை; நேரே உள்ளே நுழைந்தான்.